பேஸ் கிட்டாரை நம்பி வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. டர்பன் சாட்ஸ்வர்த்தில் அம்மா, அப்பா, தங்கையோடு இருக்கிறேன். பகலில் கார் உதிரிபாகக் கிடங்கில் வேலை. ஆறு வருடமாக நாலு பேர் கொண்ட ஒரு ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். இப்போது எல்லோரும் வேலையை விட்டுவிட்டு ஜோஹன்னஸ்பர்க் போய் முழுநேரமாக இறங்கலாம் என்கிறார்கள். அம்மாவோ, "நீ வாசிப்பது எங்கள் யார் காதிலும் விழுவதே இல்லை, அதை நம்பியா வேலையை விடப் போகிறாய்?" என்று அழுகிறார். குழுவில் பாட்டு எழுதியவர்கள் என்று பாடகர், லீட் கிட்டார்காரர் இருவர் பெயரை மட்டும்தான் போடுகிறார்கள். ஒரு பாட்டு என் பேஸில்தான் பிறந்தது. கேட்டால், "பேஸ் எல்லாம் பாட்டு எழுதுவதில் சேராது" என்கிறார்கள். பேஸ் வாசிப்பவனுக்கு வாழ்க்கை இருக்கிறதா? நான் போகலாமா? ஐந்து கம்பி பேஸ் ஒன்றைத் தவணையில் வாங்கலாமா?
– பெயர் வேண்டாம், சாட்ஸ்வர்த்

பதில்: அன்புள்ள தம்பி,

வாழ்க்கை இருக்கிறது. ஆனால் இன்றைய நிலையில் வேலையை விட்டுவிட்டு இந்தக் குழுவோடு ஜோஹன்னஸ்பர்க் போக வேண்டாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதற்குக் காரணம், உங்கள் கடிதத்தில் இரண்டும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. பேஸ் வாசிப்பது வேறு, இந்தக் குழுவில் இருப்பது வேறு. நானும் டர்பன் கல்யாண மேடைகளில் பல வருடம் பேஸ் வாசித்தவன். அந்த உரிமையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அம்மா. உங்கள் வாசிப்பை அவர் எதில் கேட்டார் என்று யோசித்துப் பாருங்கள். அநேகமாகப் போனில், வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவில் கேட்டிருப்பார். பேஸின் தடித்த கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் வரும் ஸ்வரம் நொடிக்குச் சுமார் 41 அதிர்வுகள். போனில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது. அம்மா சொல்வது உண்மை, அவருக்கு நிஜமாகவே கேட்கவில்லை. பதிவு செய்துகொடுத்தவரிடம் பேஸை மட்டும் அணைத்த ஒரு மிக்ஸ், அதாவது மற்ற எல்லா ஒலிகளையும் கலந்த பதிவு, கேட்டு வாங்குங்கள். அது அவருக்குப் பெரிய வேலை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, நல்ல ஸ்பீக்கரில், அதே பாட்டைப் பேஸ் இல்லாமல் ஒரு தடவை, பேஸோடு ஒரு தடவை போடுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். பேஸ் இல்லாதபோது டிரம்ஸ் ஒரு பக்கம் தட்டிக்கொண்டிருக்கும், கிட்டார் ஒரு பக்கம் இரைந்துகொண்டிருக்கும், பாடுபவர் அந்தரத்தில் நிற்பார். கோயில் நாதஸ்வரத்தில் சுருதி பிடிக்கும் ஒத்து நின்றுபோனால் எப்படி இருக்குமோ அப்படி. அம்மா உடனே மனம் மாறிவிடுவார் என்று சொல்லவில்லை. மகன் என்ன வேலை செய்கிறான் என்பதாவது அவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

பேஸ் காதில் விழாமல் போவது பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் 1986-ல் சுவீடனில் நடந்த பஸ் விபத்தில் 24 வயதில் இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட் வாசித்து, 1988-ல் வெளியான முதல் முழு ஆல்பத்தில் பேஸ் ஏறக்குறைய இல்லவே இல்லை. மிக்ஸில் அதை அவ்வளவு தாழ்த்திவிட்டார்கள். லட்சக்கணக்கில் விற்ற ஆல்பம் அது. இன்றைக்கும் ரசிகர்கள் அதைப் பற்றி ஆதங்கப்படுகிறார்கள். நியூஸ்டெட் 2001 வரை அந்தக் குழுவில் இருந்தார். உங்கள் குழு அடுத்த தடவை மிக்ஸ் செய்யும்போது, வேலைக்கு லீவு போட்டாவது ஸ்டுடியோவில் போய் உட்காருங்கள்.

இப்போது தொழிலைப் பற்றி. கிட்டார் வாசிக்க ஆயிரம் பேர், பாட இரண்டாயிரம் பேர். பேஸ் பெரும்பாலும் யாராவது ஒருவர் தலையில் வந்து விழுவது. பீட்டில்ஸில் பேஸ் வாசித்த நண்பர் 1961-ல் விலகியதால்தான் பால் மெக்கார்ட்னி அதைக் கையில் எடுத்தார். எல்லாக் குழுவுக்கும் பேஸ் வேண்டும், ஆனால் ஆசைப்பட்டு வருபவர்கள் குறைவு. அதனால் நன்றாக வாசிக்கிற, நேரத்துக்கு வந்து நிற்கிற பேஸ் கலைஞருக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். உங்கள் பிழைப்புக்கு ஆதாரம் இதுதான். ஒரே குழுவை நம்பினால் அது கிடைக்காது.

நன்றாக வாசிப்பது என்றால் வேகமாக வாசிப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். மேடையில் டிரம்மரின் ஹை-ஹாட், அதாவது ஜோடிச் சிம்பல் இருக்கும் பக்கம் நின்று பாருங்கள். கிக் டிரம்மை மிதிக்கும் கால் அங்கிருந்து தெரியும். அந்தக் கால் இறங்கும்போது உங்கள் விரலும் இறங்க வேண்டும். இது எல்லோரும் சொல்வதுதான். ஸ்வரத்தை எங்கே நிறுத்துவது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. ஸ்னேர் டிரம்மின் அடி விழும் கணத்தில் இடது கை விரலை லேசாகத் தளர்த்தி ஸ்வரத்தை அடக்கிவிட்டால், அந்தச் சின்ன இடைவெளியில் ஸ்னேர் பளிச்சென்று விழும். கேட்பவருக்கு டிரம்மர் இன்று பிரமாதமாக வாசிக்கிறார் என்று தோன்றும். டிரம்மருக்கு மட்டும் அது யாரால் என்று தெரியும். அடுத்த கச்சேரிக்கு உங்கள் பெயரைச் சொல்பவர் அவர்தான். எனக்கு வந்த வேலைகளில் பாதிக்கு மேல் டிரம்மர்கள் சொல்லி வந்தவை.

நம் நகரத்திலிருந்தே ஒரு பேஸ் கலைஞரைச் சொல்கிறேன். சிபோ குமேடே கேட்டோ மேனரில் பிறந்தவர். நம்மவர்களும் காய்கறித் தோட்டம் போட்டு வாழ்ந்த இடம் அது. அங்கிருந்து பெயர்த்து அனுப்பப்பட்டுச் சாட்ஸ்வர்த்துக்கு வந்த குடும்பங்கள் எத்தனையோ, உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டால் தெரியும். குமேடே ஸ்பிரிட்ஸ் ரிஜாய்ஸ், சகிலே என்று குழு குழுவாக வாசித்தார், தன் பெயரிலும் ஆல்பம் போட்டார். 2004-ல் இறக்கும்வரை அவர் இசைக்காரராகவே வாழ்ந்தார். குழுக்கள் கலைந்தன, அவர் தொழில் கலையவில்லை. சொவெட்டோவில் வளர்ந்த பக்கிதி குமாலோவைப் பாருங்கள். அமெரிக்கப் பாடகர் பால் சைமன் 1985-ல் ஜோஹன்னஸ்பர்க் வந்து பதிவு செய்தபோது, கழுத்தில் உலோகக் கட்டைகள் (ஃப்ரெட்) இல்லாத பேஸோடு போய் வாசித்தவர் அவர். மறு வருடம் வந்த அந்த ஆல்பத்தின் ஒரு பாட்டில் பாய்ந்து வரும் குட்டி பேஸ் சோலோ உலகமெல்லாம் பிரபலம். முதல் பாதி அவர் வாசித்தது. அதே டேப்பைத் திருப்பி ஓட்டி இரண்டாம் பாதியை உண்டாக்கினார்கள். சில நொடிகள்தான். ஆனால் சைமன் அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் அவரைத் தன்னோடு மேடைக்கு அழைத்துக்கொண்டே இருந்தார்.

இன்னொரு டர்பன் கதை, இது ராக் குழுவின் கதையே. 1963-ல் இங்கே தொடங்கிய தி ஃப்ளேம்ஸ். ஸ்டீவ், பிரதர், ரிக்கி என்று ஃபட்டார் சகோதரர்கள் மூன்று பேர், பிறகு பாடவும் கிட்டார் வாசிக்கவும் பிளாண்டி சாப்ளின். பேஸ் பிரதருடையது. லண்டனில் வாசித்துக்கொண்டிருந்தபோது பீச் பாய்ஸ் குழுவின் கார்ல் வில்சன் அவர்களைக் கேட்டு அசந்துபோனார், அமெரிக்காவில் 1970-ல் ஆல்பமும் வந்தது. நிறப் பாகுபாடு சட்டமாக இருந்த நாட்டிலிருந்து போன பையன்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! அப்புறம் குழு கலைந்தது. 1972-ல் டிரம்மர் ரிக்கியும் பிளாண்டியும் பீச் பாய்ஸில் சேர்ந்தார்கள். ஸ்டீவும் பிரதரும் அதில் சேரவில்லை. ஸ்டீவ் பின்னாளில் டர்பனில் வாசித்தபடியே 2020 வரை வாழ்ந்தார். ஒரே குழு, ஒரே ஆல்பம், கூடப்பிறந்தவர்கள் வேறு. அதிலேயே ஒவ்வொருவர் பாதையும் தனித்தனியாகத்தான் பிரிந்தது. உங்கள் நாலு பேர் விஷயத்திலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் போடாத விஷயம்தான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது. அமெரிக்க இசை நிறுவனமான மோட்டவுனின் எத்தனையோ ஹிட் பாடல்களுக்கு பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அறுபதுகள் முழுக்க உலகமே அவர் பேஸுக்கு ஆடியது, ஆனால் ஆல்பம் உறையில் பெயர் கிடையாது. 1971-ல் பாடகர் மார்வின் கேயின் ஆல்பத்தில்தான் பெயர் வந்தது. 1983-ல் 47 வயதில் இறந்தார். கௌரவங்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வந்தன. இதற்கு நேர்மாறாக ஆர்.ஈ.எம். என்ற அமெரிக்க ராக் குழுவைப் பாருங்கள். யார் எதைக் கொண்டுவந்தாலும் பாட்டு நாலு பேர் பெயரிலும் சமமாகப் பதிவாகும் என்று வைத்துக்கொண்டார்கள். பேஸ் வாசித்த மைக் மில்ஸுக்கும் சம பங்கு. 1980-லிருந்து 2011 வரை அந்தக் குழு நீடித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நான் நம்புகிறேன்.

பேஸ் பாட்டு எழுதுவதில் சேராது என்று எங்கேயும் கல்லில் பொறித்து வைக்கவில்லை. நாலு பேரும் உட்கார்ந்து பேசி, ஒவ்வொரு பாட்டுக்கும் யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பாட்டை இசை உரிமை அமைப்பான சாம்ரோவில் பதியும்போது அந்தப் பங்கின்படி பதிய வேண்டும். அங்கே பாட்டை எழுதியவர்களுக்கும் மெட்டமைத்தவர்களுக்கும்தான் பணம், வாசித்தவர் என்ற பெயரில் அங்கே ஒன்றும் வராது. பதிவில் வாசித்தவர்களுக்கு, அது ரேடியோவில் ஒலிக்கும்போது வர வேண்டிய தொகை சாம்ப்ரா என்ற இன்னொரு அமைப்பு வழியாக வருவது. இரண்டிலும் நீங்களே போய் உங்கள் பெயரில் உறுப்பினராகுங்கள். குழுத் தலைவர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். பேச்சை ஒத்திகை நடுவில் ஆரம்பிக்க வேண்டாம். "நாம் ஜோஹன்னஸ்பர்க் போவதற்கு முன்னால் இதை எழுதிக்கொள்வோம் அண்ணா" என்று அமைதியாகச் சொல்லுங்கள். சம்மதித்தால் இவர்களோடு போவதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். சிரித்து மழுப்பினால், வேலையை விட்டுவிட்டு இவர்களை நம்பி ஊர் மாறுவது சரியில்லை. உங்கள் பேஸில் பிறந்த பாட்டிலேயே உங்களுக்கு இடம் தராதவர்கள், ஊர் மாறியதும் தருவார்களா?

அதுவரை சும்மா இருக்கச் சொல்லவில்லை. கிடங்கு வேலையை வைத்துக்கொண்டு, வார இறுதிகளில் இந்தக் குழுவுக்கு வெளியேயும் வாசியுங்கள். கல்யாண ஆர்கெஸ்ட்ரா என்றால் ராக் பையன்களுக்கு இளப்பம். இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் தனியாகவே ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு போகும். அதை ஒழுங்காகக் காதால் எடுத்து வாசித்துப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள். சர்ச், ஜாஸ், கடற்கரை ஹோட்டல் எதையும் தள்ளாதீர்கள். இசைக் குறிப்பு வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். லெட் செப்பெலினில் பேஸ் வாசித்த ஜான் பால் ஜோன்ஸ் அதற்கு முன்பே லண்டனில் ஸ்டுடியோ வாசிப்பும் இசைக் கோர்ப்பும் செய்து சம்பாதித்தவர், கீபோர்டும் வாசிப்பார். நம் ஊரிலேயே பல்கலைக்கழகத்தில் 1983-லிருந்து ஜாஸ் படிப்பு இருக்கிறது. அங்கே படிப்பவர்களோடு பழகினாலே பாதி விஷயம் வந்துவிடும்.

வரும் பணத்தை மாதச் சம்பளம் மாதிரி எண்ணாதீர்கள். ஆடியிலும் புரட்டாசியிலும் நம் கல்யாண மண்டபங்கள் அடங்கிவிடும், டிசம்பரில் ஒரே நாளில் இரண்டு அழைப்பு வரும். வெளியில் வாசித்துக் கிடைப்பதைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். ஒரு முழு வருடம், அந்த வறண்ட மாதங்களையும் சேர்த்து, அது உங்கள் பஸ் காசையும் வீட்டுக்குக் கொடுப்பதையும் தாங்குகிறதா என்று பாருங்கள். தாங்கினால் வேலையை விடுவதைப் பற்றி அம்மாவிடம் பேச உங்கள் கையில் ஒரு கணக்கு இருக்கும். அன்றைக்கு வரி அலுவலகத்தில் சொந்தத் தொழில் செய்பவராகப் பதிந்துகொள்ளவும் மறக்காதீர்கள்.

கடைசியாக அந்த ஐந்து கம்பி பேஸ். வேண்டாம். தவணையில் நிச்சயமாக வேண்டாம். ஜேமர்சன் வாசித்தது பெரும்பாலும் நாலு கம்பியில்தான். கையில் காசு இருந்தால் முதலில் இசைக் கலைஞர்களுக்கான காதடைப்பான் ஒரு ஜோடி வாங்குங்கள். டிரம்மரின் சிம்பலுக்குப் பக்கத்திலேயே வாழ்நாளெல்லாம் நிற்கப் போகிறவர் நீங்கள், காது போனால் திரும்பி வராது. அடுத்து அகலமான தோள் பட்டை. நாலு கிலோவை இடது தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் நிற்பதன் வலி இருபத்தாறில் தெரியாது, நாற்பதில் தெரியும். ஐந்தாவது கம்பி தேவைப்படுகிற வேலை ஒன்று வந்து, அந்த வேலையே அதற்குப் பணமும் தரும்போது வாங்கிக்கொள்ளலாம்.