‘ஓமா’ என்று முடிந்தாலே புற்றுநோயா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. மலப் பரிசோதனையில் இரத்தம் தெரிந்ததால் பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். மரு மாதிரி ஒரு சதை வளர்ச்சி, அதாவது பாலிப், இருந்தது. எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அறிக்கையில் ‘டியூபுலர் அடினோமா, லோ கிரேட் டிஸ்பிளேசியா’ என்று இருக்கிறது. மருத்துவரைப் பார்க்க இன்னும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். ஊரில் என் பெரியப்பா லிம்போமாவில் இறந்தார். அம்மாவுக்குக் கருப்பையில் லியோமயோமா இருக்கிறது. எல்லாமே ‘ஓமா’ என்று முடிகின்றன. எங்கள் குடும்பம் முழுவதற்கும் புற்றுநோயா? அப்பாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.
— ஈசூன் வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் அப்பாவின் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதுதான் அறிக்கையின் முடிவு என்றால், எடுத்த அந்தப் பாலிப் புற்றுநோய் அல்ல. இன்று இரவு நிம்மதியாகத் தூங்குங்கள்.

‘ஓமா’ என்பது கிரேக்க மொழியிலிருந்து வந்த விகுதி. மருத்துவத்தில் அதற்குக் கட்டி என்று மட்டும்தான் பொருள். நல்லதா கெட்டதா என்பதை அது சொல்லாது. அதற்கு முன்னால் நிற்கும் பகுதியைத்தான் படிக்க வேண்டும். தீங்கற்ற கட்டிக்குப் பெயர் வைக்கும் முறை எளிது. அது எந்தத் திசுவில் முளைத்ததோ அந்தத் திசுவின் பெயரோடு ‘ஓமா’வைச் சேர்ப்பார்கள். கொழுப்பில் வந்தால் லிபோமா, எலும்பில் வந்தால் ஆஸ்டியோமா, சுரப்பித் திசுவில் வந்தால் அடினோமா.

புற்றுக்கட்டிக்கு நடுவில் இன்னொரு சொல் நுழையும். தோல், குடலின் உட்படலம், சுரப்பிகள் ஆகியவற்றின் செல்களில் பிறந்தால் கார்சினோமா. கொழுப்பு, தசை, எலும்பு, குருத்தெலும்பு போன்றவற்றில் பிறந்தால் சார்கோமா. கார்சினோமாவின் வேர் ‘நண்டு’ என்னும் கிரேக்கச் சொல். நம் கடக ராசிக்கு ஆங்கிலத்திலும் புற்றுநோயின் பெயரே இருப்பது அதனால்தான். ஆகவே அடினோமா வேறு, அடினோகார்சினோமா வேறு. லிபோமா வேறு, லிபோசார்கோமா வேறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் கட்டிகளுக்கு எண்களும் உண்டு. அடினோமாவுக்கு 8140/0, அடினோகார்சினோமாவுக்கு 8140/3. சாய்கோட்டுக்குப் பின்னால் 0 வந்தால் தீங்கற்றது. 3 வந்தால் புற்று. இரண்டிலும் சேராமல் நடுவில் நிற்பவற்றுக்கு 1, பிறந்த படலத்தைத் தாண்டாத ஆரம்பநிலைப் புற்றுக்கு 2.

இவ்வளவு ஒழுங்கான முறையில் சில பழைய பெயர்கள் மட்டும் அடங்குவதில்லை. உங்களைக் குழப்பியது அதுதான். லிம்போமா, மெலனோமா, மீசோதீலியோமா ஆகிய மூன்றும் கேட்பதற்குச் சாதுவான பெயர்கள், மூன்றும் புற்றுநோய்கள். உங்கள் பெரியப்பாவுக்கு வந்தது இந்த வகை. மறுபுறம், ‘ஓமா’ இருந்தும் இந்தக் கணக்கிலேயே வராதவை உண்டு: அடிபட்ட இடத்தில் இரத்தம் கட்டினால் ஹீமட்டோமா, காசநோயில் நுரையீரலில் தோன்றும் அழற்சி முடிச்சு கிரானுலோமா.

அம்மாவுக்கு இருப்பது நாம் ஃபைப்ராய்டு என்று சொல்லும் தசைக்கட்டி. நாற்பதைத் தாண்டிய பெண்களில் மிகப் பலருக்கு இது இருக்கும். புற்றாக மாறுவது மிக மிக அரிது. இரத்தப்போக்கோ வலியோ தொல்லை தந்தால் சிகிச்சை எடுக்கலாம். இல்லாவிட்டால் கவனித்து வந்தால் போதும்.

இனி அந்த ‘டிஸ்பிளேசியா’. அறிக்கையில் உங்களை அதிகம் பயமுறுத்தியிருப்பது இதுவாகத்தான் இருக்கும். செல்கள் தங்கள் வழக்கமான வடிவத்திலிருந்தும் வரிசையிலிருந்தும் பிறழ்ந்திருக்கின்றன என்பது இதன் பொருள். பெருங்குடல் அடினோமா என்றாலே ஓரளவு பிறழ்வு இருக்கும். அது இல்லாவிட்டால் அடினோமா என்ற பெயரே கிடைக்காது. ‘லோ கிரேட்’ என்பது அதில் குறைந்த படி. பெருங்குடலில் பரவக்கூடிய புற்று என்று சொல்ல, பிறழ்ந்த செல்கள் தங்கள் படலத்தை உடைத்துக்கொண்டு குடல் சுவரின் ஆழத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு அது நடக்கவில்லை.

ஆனால் ‘தீங்கற்றது’ என்பதை ‘மறந்துவிடலாம்’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மூளையை மூடியிருக்கும் உறையில் வரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் தீங்கற்றதுதான்; இருந்தும் இடம் கெட்ட இடத்தில் வளர்ந்தால் பார்வையைப் பறிக்கும். பெருங்குடல் அடினோமாவோ பல ஆண்டுகள் விட்டுவைத்தால் சிலருக்குப் புற்றாக மாறக்கூடியது. பெரும்பாலான அடினோமாக்கள் மாறுவதில்லை. எது மாறும் என்று முன்கூட்டித் தெரியாததால், கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துவிடுகிறோம். சிங்கப்பூரில் 50 வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் ஆண்டுதோறும் மலப் பரிசோதனை செய்யச் சொல்வது இதற்காகத்தான். உங்கள் அப்பா அந்தச் சிறு குழாயைக் கூச்சப்படாமல் நிரப்பிக் கொடுத்தாரே, அதற்காக அவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். நம்மவர்களில் எத்தனையோ பேர் அதை வாங்கி அலமாரியில் வைத்ததோடு சரி.

இரண்டு வாரம் கழித்து மருத்துவரைப் பார்க்கும்போது பாலிப் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். 10 மில்லிமீட்டரை எட்டியதற்கும் சின்னதற்கும் கண்காணிப்பு வேறுபடும். முழுவதும் எடுத்தாயிற்றா, குடல் நன்றாகச் சுத்தமாகியிருந்ததா, அடுத்த பரிசோதனை எந்த ஆண்டில் என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களும் உங்கள் உடன்பிறந்தவர்களும் அவரவர் குடும்ப மருத்துவரிடம் ‘அப்பாவுக்கு அடினோமா எடுத்தார்கள்’ என்று சொல்லிவையுங்கள். உங்களுக்குப் பரிசோதனை எப்போது தொடங்குவது என்பதை அவர் முடிவு செய்ய அது உதவும்.

அப்பாவிடம் இன்றே சொல்லுங்கள். நீங்கள் மறைக்க மறைக்க, உங்கள் முகத்தைப் பார்த்தே அவர் இதைவிட மோசமான ஒன்றைக் கற்பனை செய்துகொண்டிருப்பார். “குடலில் ஒரு சின்ன மரு மாதிரி இருந்ததாம், எடுத்துவிட்டார்களாம், புற்று இல்லையாம்ப்பா” என்றால் போதும்.