முதல் நாளே இனிக்கும் வாத்தியம்

கேள்வி: எனக்கு 51 வயது. இதுவரை எந்த வாத்தியமும் வாசித்ததில்லை. ஒரு கச்சேரியில் ஹார்ப் என்ற, யாழ் போன்ற மேற்கத்திய தந்தி வாத்தியத்தைக் கேட்டதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. மடியில் வைத்து வாசிக்கும் 19 தந்தி ஹார்ப் ஒன்றை இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். அதை வாங்கி, வீடியோ பார்த்தே பழகிவிடலாமா? இந்த வயதில் விரல் வளையுமா? – ஒரு வாசகி

பதில்: விரல் வளையும். அந்தக் கவலையை இப்போதே விட்டுவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவரை ஹார்ப் மிரட்டாது. வயலினில் கேட்கும்படியான ஓர் ஒலி வரவே மாதக்கணக்கில் ஆகும். ஹார்ப்பில் சின்னக் குழந்தை கையால் வருடினாலும் காதுக்கு இதமாகத்தான் இருக்கும். பியானோவின் வெள்ளைக் கட்டைகளைப் போலத் தந்திகள் வரிசையாக நிற்கின்றன. மேற்கத்திய ஸ்வரங்களில் சி என்பதற்கான தந்திகள் சிவப்பு, எஃப் என்பதற்கானவை கறுப்பு அல்லது நீலம். அதனால் எந்தத் தந்தி எது என்று சீக்கிரமே பிடிபட்டுவிடும்.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. ஒலி நன்றாக இருப்பதால் கை தப்பாக இருப்பது தெரியாது. நானும் முதல் நான்கு மாதம் ஆசிரியர் இல்லாமல்தான் பழகினேன். பிரமாதமாக வாசிக்கிறேன் என்றே நினைத்திருந்தேன். அப்புறம் போய்ச் சேர்ந்த ஆசிரியர் நான் வாசித்த பாட்டைக் காதில் வாங்கவே இல்லை, கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். தந்தியிலிருந்து விரலை வெளிப்பக்கமாகச் சுண்டும் பழக்கம் எனக்கு ஊறிப்போயிருந்தது. அதைத் தொலைக்க ஒரு வருடம் பிடித்தது.

கட்டைவிரல் மேல் நோக்கி நிற்க வேண்டும், மற்ற மூன்று விரல்களும் கீழ் நோக்கி. சுண்டுவிரலுக்கு வேலையே இல்லை, அது சும்மா கூட வரும். மீட்டியதும் விரல் உள்ளங்கைக்குள் மடிந்துவிட வேண்டும். அடுத்து வரப்போகும் மூன்று நான்கு ஸ்வரங்களுக்கான விரல்களை முன்கூட்டியே தந்திகளில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். இதுதான் ஹார்ப் வாசிப்பின் உயிர்நாடி. வைப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும் தந்தியில் விரல் மெதுவாகப் பட்டால் வண்டு ரீங்கரிப்பது போலச் சத்தம் வரும். பியானோவில் கட்டையை விட்டதும் ஒலி நின்றுவிடும். ஹார்ப்பில் அது தானாக அடங்கும்வரை ஒலித்துக்கொண்டே இருக்கும், வேண்டாத இடத்தில் நீங்கள்தான் கையை வைத்து அணைக்க வேண்டும். இதையெல்லாம் வீடியோ சொல்லித் தரும். ஆனால் உங்கள் கையை அது பார்க்காது. முதல் மூன்று மாதமாவது ஆசிரியர் வேண்டும். நேரில் கிடைக்காவிட்டால் கை பக்கவாட்டில் தெரியும்படி கேமராவை வைத்து இணைய வகுப்பில் சேருங்கள்.

சரி, வாத்தியம். அந்த 19 தந்தி ஹார்ப் வேண்டாம். இடது கைக்கு அதில் இடமே இருக்காது. மடியிலிருந்து நழுவுவதைப் பிடிப்பதிலேயே பாதி கவனம் போய்விடும். இப்படிப்பட்ட மலிவான சின்ன ஹார்ப்புகளில் தந்திகள் தொளதொளவென்று இருப்பதும் சகஜம், அதில் பழகிய விரல் பெரிய ஹார்ப்பில் திணறும். தரையில் நிற்கும் லீவர் ஹார்ப், 34 தந்தி அளவில், வாடகைக்குக் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். ஆறு மாதம் வாசித்துப் பார்த்துவிட்டு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். தந்தியின் மேல்முனையில் உள்ள லீவரைத் தூக்கினால் அந்தத் தந்தி அரை ஸ்வரம் ஏறும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

நீங்கள் கச்சேரியில் பார்த்தது அநேகமாகப் பெடல் ஹார்ப், அதாவது லீவருக்குப் பதில் காலால் மிதித்து ஸ்வரத்தை மாற்றுவது. 47 தந்தி, 7 பெடல், ஒவ்வொரு பெடலுக்கும் மூன்று நிலை, கிட்டத்தட்ட 40 கிலோ எடை. இப்போதைக்கு அதை ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் சுருதி சேர்ப்பது. 34 தந்தியையும் ஒவ்வொன்றாகச் சேர்க்க முதல் தடவை ஒரு மணி நேரம்கூட ஆகலாம். சுருதியைக் காட்டும் கருவியான ட்யூனரை வைத்துக்கொண்டு தினமும் செய்தால் பத்து நிமிடத்துக்கு வந்துவிடும். தந்தியை முறுக்கும் சாவியைத் திருப்பும் முன் அது சரியான தந்தியில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துத் தந்தியை முறுக்கி அறுக்காதவர்கள் எங்களில் குறைவு.

தொடக்கத்தில் கால் மணி நேரமாக இரண்டு தடவை வாசித்தால் போதும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். குளித்த கையோடு உட்காராதீர்கள், ஊறிய தோலில் சீக்கிரம் கொப்புளம் வரும். அப்புறம், நடுராத்திரியில் பக்கத்து அறையில் ‘டப்’ என்று சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். தந்திதான் அறுந்திருக்கும், காலையில் மாற்றிக்கொள்ளலாம்.