வெளிச்சம் எலியைத் தொடுகிறதா, அதன் கடிகாரத்தைத் தொடுகிறதா?

மகள் வளர்க்கும் சுண்டெலி ராத்திரி முழுக்கச் சக்கரம் ஓட்டுகிறது. லைட் போட்டால் உடனே நின்றுவிடுகிறது. தூங்கும், விழிக்கும் நேரத்தைச் சொல்லும் அதன் உடல் கடிகாரம் மாறிவிட்டதா?

நின்றதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. லைட்டை அணைத்துப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடும். கடிகாரம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, வெளிச்சம் எலியை அந்த நேரத்துக்கு மட்டும் அடக்குகிறது. ஜெர்மன் அறிஞர் யூர்கன் அஷோஃப் இதற்கு 'மாஸ்கிங்' என்று பெயர் வைத்தார். கடிகாரத்தின் மேல் திரை போடுவது மாதிரி. இரவில் திரியும் பிராணியை வெளிச்சம் அடக்கும், பகலில் திரிவதை உசுப்பும்.

ஆனால் அதே வெளிச்சம் கடிகாரத்தையும் தள்ளிவைக்கக்கூடும். அதைக் கண்டுபிடிக்க எலியைத் தொடர்ந்து இருட்டில் வைத்து, தினமும் எத்தனை மணிக்கு ஓடத் தொடங்குகிறது என்று குறிக்க வேண்டும். சுண்டெலியின் உள்கடிகாரம் ஒரு சுற்று சுற்ற 24 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். இருட்டில் நாளுக்கு நாள் கொஞ்சம் முன்னதாகவே எழும். நடுவில் ஒருமுறை வெளிச்சம் காட்டிய பிறகு அந்தக் கணக்கு குதித்தால்தான் கடிகாரம் நகர்ந்தது என்று அர்த்தம்.

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. அவருக்கும் வெளிச்சம் வேண்டுமா?

வேண்டியிருக்கலாம். விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட செல்கள் கொஞ்சம் உண்டு. படம் பார்க்க அல்ல, வெளிச்சத்தின் அளவை மூளையில் உள்ள உடல் கடிகாரத்துக்குச் சொல்லவே அவை முக்கியம். பார்வை போன பிறகும் சிலருக்கு இவை பிழைத்திருக்கும். பார்வையே இல்லாத சிலருக்கும் இரவில் பிரகாசமான ஒளி பட்டால் மெலடோனின் (இருட்டில் உடல் சுரக்கும் ஹார்மோன்) குறைவதை 1995-இல் அமெரிக்காவில் கண்டார்கள். ஆகவே கண்ணை அகற்ற வேண்டும் என்ற பேச்சு வந்தால், 'தெரியாத கண்தானே' என்று சம்மதிக்கும் முன் இதை டாக்டரிடம் கேளுங்கள். தினமும் காலையில் அவரை வெளியே உட்கார வையுங்கள்.

ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் எந்த லைட்?

மங்கலானது, மஞ்சள் நிறத்தில், தரையை ஒட்டி. மெலனாப்சினை அதிகம் தூண்டுவது நீல ஒளி.

பிராணிகளை அடக்கவோ உசுப்பவோ நிலா வெளிச்சத்துக்கும் சக்தி உண்டா?

சில பிராணிகளுக்கு நிச்சயம் உண்டு. அர்ஜென்டினாவின் ஃபோர்மோசா காடுகளில் வாழும் ஆந்தைக் குரங்குகள் பௌர்ணமி இரவில் நன்றாக நடமாடும். அமாவாசையில் ஒடுங்கிவிட்டு, விடிந்த பிறகு அதிகம் திரியும். இது உள்கடிகாரத்தின் வேலையா, நிலவொளியின் வேலையா? சந்திர கிரகணம் அதைக் காட்டிக்கொடுத்தது: நிலா மறைந்த நேரத்தில் குரங்குகளின் நடமாட்டமும் அடங்கியது.