பழைய படம், பாட்டுப் புத்தகம், ஊர்க் குசும்பு: கேள்வி பதில்

இந்த வாரம் பதில் சொல்ல என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். பழைய தமிழ்ப் படங்களைப் பற்றிச் சில புத்தகங்களும், நம் பக்கத்து ஆட்கள் போகிற போக்கில் அடித்த நக்கல்களைத் தொகுத்து ஒரு சின்னப் புத்தகமும் போட்டவன் நான். ஊர் கும்பகோணம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

சினிமா வரலாறு எழுதுகிறவர் டீக்கடைப் பேச்சைத் தொகுப்பானேன் சார்? இரண்டும் வேறு வேறு வேலை இல்லையா? (மயிலாடுதுறை)

என் கணக்கில் ஒரே வேலை. 1959இல் ஸ்ரீதர் இயக்கிய கல்யாணப் பரிசை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தங்கவேலு வேலை வெட்டி இல்லாமலேயே மன்னார் அண்ட் கம்பெனியில் வேலை என்று அளந்துவிடுவார், போதாததற்கு எழுத்தாளர் பைரவனே நான்தான் என்று இன்னொரு புளுகு. அந்தப் படத்தின் காதல் கதை மறந்துபோனவர்கள்கூட, ஆபீசுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு மதகுக் கட்டையில் உட்கார்ந்திருக்கும் பையனைப் பார்த்து "என்னப்பா, மன்னார் அண்ட் கம்பெனியா?" என்று கேட்கிறார்கள். கேட்கிறவர் படமே பார்த்திருக்க மாட்டார், பையனுக்கும் தெரியாது, ஆனால் குத்து மட்டும் சரியான இடத்தில் விழுந்துவிடும். தங்கவேலு காரைக்கால்காரர். அந்த இழுவையும் முழியும் நம் திண்ணைகளில் பிறந்தவை என்பது என் கட்சி, மறுப்பவர்கள் மறுக்கலாம்.

டெல்டாவுக்கும் ஆரம்ப கால சினிமாவுக்கும் அப்படி என்ன உறவு? சென்னையில்தானே எல்லாம் நடந்தது? (தஞ்சாவூர்)

நடந்தது அங்கே, போன ஆட்களில் நிறையப் பேர் இங்கிருந்து. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் காளிதாஸின் நாயகி டி.பி. ராஜலட்சுமி, பேருக்கு முன்னால் நிற்கும் அந்த 'டி'யே திருவையாறு. அதில் அவர் தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். கேலி செய்ய வேண்டாம், பேசுகிறது என்பதே அன்றைக்கு அதிசயம். அவரே 1936இல் மிஸ் கமலாவை எழுதி இயக்கவும் செய்தார். பாடி நடித்த எம்.கே. தியாகராஜ பாகவதர் மாயவரத்தில் பிறந்தவர். இயக்குநர் கே. சுப்ரமணியம் பாபநாசம், ஜெமினி ஸ்டூடியோ வாசன் திருத்துறைப்பூண்டி, எழுத்தாளர் கல்கி மணல்மேடு பக்கம் புத்தமங்கலம். இந்த மூன்று பேரையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் 1939இல் வந்த தியாகபூமிதான்: கதை கல்கியுடையது, படம் சுப்ரமணியத்துடையது, வாசனின் ஆனந்த விகடனில் அதே கதை படத்தின் புகைப்படங்களோடு தொடராக வந்தது. பிரிட்டிஷ் அரசு தடை போடும் அளவுக்கு அந்தப் படம் உறைத்தது.

ஹரிதாஸ் மூன்று தீபாவளி கண்டதென்று தாத்தா சொல்வார். கூட்டிச் சொல்கிறாரா? (வலங்கைமான்)

தாத்தா சொல்வது சரி. 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்றாவது தீபாவளியையும் பார்த்தது. அவரிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: படம் வந்த அதே வருடக் கடைசியில் அதன் நாயகன் பாகவதர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகிவிட்டார், வெளியே வந்தது 1947இல். அதாவது ஓட்டத்தில் பெரும் பகுதி, திரையில் அவர் பாடிக்கொண்டிருக்க, ஆள் சிறையில்.

தில்லானா மோகனாம்பாளில் சிவாஜிக்கு நாதஸ்வரம் வாசித்தது யார் அண்ணே? எங்கள் ஊர் ஆள் என்று ஒரு பந்தயம். (சிக்கல்)

பந்தயத்தில் தோற்றுவிட்டீர்கள் தம்பி. மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். கதையில்தான் நாயகன் சிக்கல் சண்முகசுந்தரம், நாயகி திருவாரூர். ஆறுதலுக்கு ஒன்று: கொத்தமங்கலம் சுப்பு அந்தக் கதையை விகடனில் எழுதியபோது படம் போட்ட கோபுலு தஞ்சாவூர்க்காரர். அப்புறம், நம் பக்கத்து நாதஸ்வரத்தைத் திரையில் தேடுகிறவர்கள் 1940இல் வந்த காளமேகத்தை நினைவில் வையுங்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையே அதில் கதாநாயகன். இயக்கியவர் தமிழ் தெரியாத அமெரிக்கர் எல்லிஸ் டங்கன்.

காணாமல்போன படங்களைப் பற்றி எப்படிப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள்? பார்க்காமலே எழுதுவது சரியா? (மன்னார்குடி)

நியாயமான கேள்வி. காளிதாஸின் பிரதியே இன்று இல்லை. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், தீப்பிடிக்காமல் தப்பியது நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் பிசுபிசுத்துப் போகும், ஓடி முடித்த படத்தை யாரும் பாதுகாக்க வேண்டிய பொருளாக நினைக்கவும் இல்லை. மிச்சம் இருப்பது பெரும்பாலும் பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் அணாக் கணக்கில் விற்றது. நடிகர் பட்டியல், பாடல் வரிகள், கதைச் சுருக்கம் எல்லாம் அதில் இருக்கும். சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்தில் போய்க் கேளுங்கள், எடுத்துக் காட்டுவார்கள்.

ஆனால் கதைச் சுருக்கம் நம் கழுத்தை அறுக்கும் இடம் ஒன்று உண்டு. நாயகியை வில்லன் தூக்கிக்கொண்டு போகிறான், நாயகன் சிறையில் இருக்கிறான், இனி என்ன ஆகும் என்று பக்கத்தைத் திருப்பினால் "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று போட்டிருக்கும். அன்றைக்கு டிக்கெட் விற்க வைத்த கொக்கி அது. படமே அழிந்த பிறகு அவளைக் காப்பாற்றினார்களா இல்லையா என்று யாரிடம் போய்க் கேட்பது? நான் அந்த வரியோடு நிறுத்திவிடுவேன். சிலர் முடிவைத் தாங்களே எழுதிச் சேர்த்துவிடுகிறார்கள், அது அடுத்தவர் புத்தகத்தில் வரலாறாக ஏறிவிடுகிறது. அந்த வேலை மட்டும் வேண்டாம்.

ஊர் நக்கல்களைத் தொகுக்க ஆசை. எப்படி ஆரம்பிப்பது? (திருவாரூர்)

காதில் விழுந்ததை அன்றைக்கே எழுதுங்கள், அதோடு சொன்ன இடத்தையும் வேளையையும் சேர்த்து எழுதுங்கள். அது இல்லாவிட்டால் நக்கல் செத்துவிடும். ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கிற நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிவியில் மதகு வழியே தண்ணீர் பொங்குவதைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். தலைஞாயிறு பக்கத்துக் கடைமடை (வாய்க்காலின் கடைசி, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம்) விவசாயி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊருக்கு எப்பவும் டிவியிலதான் முதல்ல தண்ணி வரும்" என்றார். அவர் கடைமடை என்பதும், அது திறந்த அன்றைக்கே சொன்னது என்பதும் தெரியாதவருக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஓட்டை பஸ்ஸில் ஒரு பாட்டி "ஆடுதுறையில நிக்குமா தம்பி?" என்று கேட்க, கண்டக்டர் "நாங்க நிறுத்துவோம், நிக்கறது அது இஷ்டம்" என்றாரே, அதற்கும் பஸ்ஸின் நிலைமையைச் சொல்லியாக வேண்டும்.

சாதியையோ உடம்பையோ வைத்து அடித்ததை நான் சேர்ப்பதில்லை. பழைய படங்களிலும் அந்த மாதிரி உண்டு, அதைச் சரித்திரத்தில் குறிக்கலாம், நகைச்சுவைப் புத்தகத்தில் எதற்கு?

"கடன் அன்பை முறிக்கும்", "பிரசவத்திற்கு இலவசம்" இதெல்லாம்? (பட்டுக்கோட்டை)

எல்லாருக்கும் தெரிந்தது, பக்கம் வீண்.

சிரிப்பு நடிகர் என்.எஸ்.கே. (என்.எஸ். கிருஷ்ணன்) சொன்னதாக வாட்ஸ்அப்பில் தினமும் ஒன்று வருகிறது. நம்பலாமா? (நாகப்பட்டினம்)

எந்தப் படம், எந்தப் பத்திரிகை என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் "கேள்விப்பட்டது" என்ற பெட்டியில் போடுங்கள், அவர் பேரில் ஏற்ற வேண்டாம். அவர் 1957லேயே காலமாகிவிட்டார், கதையில் அதற்குப் பிந்திய சங்கதி எட்டிப் பார்த்தால் அங்கேயே குட்டு உடைந்துவிடும்.

கறுப்பு வெள்ளை என்றாலே ஓடும் என் பேத்திக்கு முதலில் எதைக் காட்டலாம்? (பாபநாசம்)

1964இல் வந்த காதலிக்க நேரமில்லையில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் இடம். படமே கலர்தான், ஓட வழியில்லை. அதில் பாலையாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள் என்றால் அடுத்தது 1941இல் வந்த கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படம் சபாபதி.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பாட்டுப் புத்தகங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன, ஓரமெல்லாம் செல்லரித்திருக்கிறது. லேமினேட் செய்துவிடட்டுமா ஐயா? (திருத்துறைப்பூண்டி)

அம்மா, லேமினேஷன் வேண்டவே வேண்டாம், செல்லோடேப்பும் ஒட்டாதீர்கள். ஒட்டினால் பிறகு பிரிக்க முடியாது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் பெட்டியைத் தரையிலிருந்து தூக்கிப் பலகை மேல் வையுங்கள். பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுங்கள், பின் அட்டையையும் விடாதீர்கள், விலையும் அச்சகத்தின் பேரும் அங்கே இருக்கலாம். எடுத்ததை எனக்கு அனுப்புங்கள், படப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்.