வாசகர் கேள்வி: டயலிசிஸ் மெசினில இருக்கேக்க சாப்பிடலாமோ?

கேள்வி: அக்கா, நாங்கள் நெடுங்கேணிப் பக்கம். அப்பாவுக்கு 61 வயசு, கிட்னி ஏலாதபடியா மெசினால இரத்தத்தைச் சுத்தப்படுத்துற டயலிசிஸுக்குக் கிழமைக்கு ரெண்டு தரம் வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போறன். முதல் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில ஒண்டும் சாப்பிடாமத்தான் வெளிக்கிடுவார், பிறகு மெசினில ஏறி ரெண்டு மணித்தியாலம் போக வயித்தைப் பிசையுது எண்டுவார். போன கிழமை பாவம் பாத்து இடியப்பமும் சொதியும் குடுத்தன், அரை மணித்தியாலத்தில குப்பெண்டு வேர்த்து பிரஷர் இறங்கிட்டுது, மிஸியிட்ட நல்லா ஏச்சு வாங்கினன். பக்கத்துக் கட்டில் ஐயா ரோல்ஸும் பிளேன்டீயுமா இருக்கிறார், அவருக்கு ஒண்டுமில்லை. ஜேர்மனியில இருக்கிற சித்தப்பா அங்க ஆஸ்பத்திரியே சாப்பாடு குடுக்குமாம் எண்டுறார். ஊரில எண்டா, மெசினில இருக்கேக்க என்ன திண்டாலும் அது எடுத்துப்போடும், வாழைப்பழம் இளநீர் எல்லாம் அப்பதான் குடுக்கோணுமாம். யாற்ற கதையைக் கேக்கிறது?

பதில்: தங்கச்சி, சித்தப்பா பொய் சொல்லேல்ல. ஜேர்மனியில கன இடத்தில குடுக்கிறவை, அமெரிக்காவில கன இடத்தில விடமாட்டினம். வைத்தியருக்குள்ளயே இதில ரெண்டு பக்கம் இருக்கு. ஆனா உங்கட அப்பாவின்ர உடம்பு போன கிழமையே பதில் சொல்லிப்போட்டுது.

நடந்தது இதுதான். நாலு மணித்தியாலத்துக்குள்ள மெசின் ரெண்டு மூண்டு லீற்றர் தண்ணியை இழுக்குது, அந்த நேரம் இரத்தக்குழாய் எல்லாம் இறுகி பிரஷரைத் தாங்கிப் பிடிச்சுக்கொண்டிருக்கும், அதுக்குள்ள வயித்துக்கு இடியப்பம் போனா சமிபாட்டுக்கெண்டு இரத்தம் குடல் பக்கம் ஓடும், தலைக்கு வாறது குறையும். முதல்ல கொட்டாவி வரும், பிறகு வேர்வை, சத்தி வாறமாதிரி, கெண்டைக்கால் குறண்டி இழுக்கும். அந்தக் கொட்டாவியைக் கண்ட உடனேயே மிஸியைக் கூப்பிடுங்கோ, மனுசனுக்கு நித்திரை வருது எண்டு விட்டிடாதேங்கோ. படுத்த வாக்கில சாப்பிட்டா பிரக்கடிக்கிற பயமும் இருக்கு. பக்கத்துக் கட்டில் ஐயாவுக்கு பிரஷர் நிக்குது, தண்ணி எடுக்கிற அளவும் குறைவா இருக்கும், அவரைப் பாத்து அப்பாவுக்குக் குடுக்க ஏலாது.

அதுக்காகப் பட்டினியும் போடாதேங்கோ. ஒவ்வொரு முறையும் இரத்தத்தில இருக்கிற கழிவோட புரதச்சத்தும் கொஞ்சம் கழுவுப்பட்டுப் போகுது, டயலிசிஸ் செய்யிற ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாம புரதம் ஒரு நாளைக்கு வேணும். மெசினில ஏற ஒண்டு ரெண்டு மணித்தியாலத்துக்கு முதல், பஸ்ஸிலயே எண்டாலும், கொஞ்சப் பிட்டு இல்லாட்டி பாண், அதோட அவிச்ச முட்டை வெள்ளைக்கரு ரெண்டு. மிச்சத்தை இறங்கி ஒரு அரை மணித்தியாலம் இருந்து பிரஷர் பாத்தபிறகு குடுங்கோ. டொக்டர் ஓமெண்டு இடையில ஏதும் குடுக்கிறதெண்டா தலைமாட்டை உயர்த்தி, ஊசி குத்தாத கையால, ரெண்டு விசுக்கோத்து அளவில. பிளேன்டீ குடிச்சாலும் மிஸியிட்டச் சொல்லோணும், 200 மில்லிலீற்றர் குடிச்சா 200 கிராம் கூடும், அதையும் மெசினிலதான் எடுக்கோணும். காலமை போடுற பிரஷர் குளிசையை அண்டைக்குப் போடுறதோ எண்டும் கேளுங்கோ, நீங்களா நிப்பாட்டாதேங்கோ.

சீனி வருத்தமும் இருந்தா கணக்கு வேற. இன்சுலின் போட்டிட்டு வெறும் வயித்தோட ஏறினா சீனி இறங்கி மயங்கிப்போவினம். அப்பிடி இறங்கினா தோடம்பழ ஜூஸ் ஓடிப்போய் வாங்காதேங்கோ, அதில பொட்டாசியம் கூட, மூண்டு நாலு தேக்கரண்டி சீனியைக் கொஞ்சத் தண்ணியில கரைச்சுக் குடுங்கோ.

இனி அந்த ஊர்க்கதை. மெசின் இரத்தத்தில இருக்கிறதைத்தான் எடுக்கும், குடலுக்க கிடக்கிறதை எடுக்காது. மூண்டாவது மணித்தியாலத்தில திண்ட வாழைப்பழம் நீங்கள் திரும்பி பஸ்ஸில வரேக்கதான் இரத்தத்துக்கு வந்து சேரும். ஒரு வாழைப்பழத்தில 400 மில்லிகிராம் மட்டில பொட்டாசியம், ஒரு கப் இளநீரில 600 மட்டில. கிழமைக்கு ரெண்டு தரம் போற ஆளுக்கு நடுவில மூண்டு நாலு நாள் இடைவெளி, அந்த நாளிலதான் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே நிண்டுபோறது நடக்குது. சில டொக்டர்மார் முதல் மணித்தியாலத்துக்குள்ள ஒரு சின்னத் துண்டு பழத்துக்கு விடுவினம், ரிப்போட்டைப் பாத்து அவை சொல்லட்டும், ஊர் சொல்லவேண்டாம்.

கேள்வி: செட்டிகுளத்தில இருந்து எழுதுறன். முந்தி கிட்னிக்கு நல்லதெண்டு தண்ணி நிறையக் குடி எண்டிச்சினம், இப்ப குடிக்காத எண்டினம். இந்த வெயிலுக்க விடாய் தாங்க ஏலாமக் கிடக்கு. ஆர்ஓ தண்ணி எண்டா பரவாயில்லையோ?

பதில்: அண்ணை, உங்களுக்கு எரிச்சல் வாறது நியாயம், ரெண்டு கதையும் சரிதான், ஆனா ரெண்டு வேற ஆளுக்குச் சொன்னது. கிட்னி வேலை செய்யேக்க தண்ணி வேணும், சலம் போறது நிண்டபிறகு குடிக்கிறது காலிலயும் நெஞ்சிலயும்தான் தேங்கும். ஆர்ஓ எண்டாலும் தண்ணி தண்ணிதான். டயலிசிஸ் செய்யிற ஆக்களுக்குப் பொதுவா முதல் நாள் போன சலத்தின்ர அளவோட அரை லீற்றர், கூழ், சொதி, தேத்தண்ணி எல்லாம் அதுக்குள்ளதான் அடங்கோணும். ஒரு போத்தலில அளந்து வைச்சு, வேற எதைக் குடிச்சாலும் அந்தளவை அதில இருந்து ஊத்திப்போடுங்கோ, அப்ப தெரியும். ஆனா விடாயின்ர வேர் உப்பிலதான் கிடக்கு. கருவாடும் ஊறுகாயும் நிக்காம விடாய் நிக்காது. வாயைக் கொப்பளிச்சுத் துப்புறது, ஒரு ஐஸ் கட்டியை உமியிறது உதவும். உப்புக் குறைஞ்ச உப்பெண்டு கடையில விக்கிறதை வாங்காதேங்கோ, சோடியத்துக்குப் பதிலா அதில பொட்டாசியம் போட்டிருக்கும்.

கேள்வி: வளவில காமரங்கா காய்ச்சுக் கொட்டுது. டயலிசிஸ் செய்யிற அம்மாவுக்கு ஒரு துண்டு குடுத்தா என்ன?

பதில்: ஒரு துண்டும் வேண்டாம். காமரங்கா எண்ட இந்த நட்சத்திரப்பழத்தில இருக்கிற நஞ்சு கிட்னி நல்லா இருக்கிற ஆளுக்கு வெளியேறிடும், இவைக்கு மூளைக்குப் போகும், வலிப்பு வந்து செத்த ஆக்களும் இருக்கினம். 2013இல பிரேசில் ஆராய்ச்சியாளர் அந்த நஞ்சைப் பிரிச்செடுத்து கரம்பொக்சின் எண்டு பேர் வைச்சவை. ஏற்கனவே குடுத்திருந்து, விக்கல் நிக்காம வருது, கதை மாறாட்டமா இருக்கு எண்டா அடுத்த டயலிசிஸ் நாள் மட்டும் பாத்துக்கொண்டிருக்காதேங்கோ, உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் காமரங்கா திண்டவ எண்டு வாயால சொல்லுங்கோ.