மாம்பலத்தை விட்டு ஊரப்பாக்கம் போகிறோம். மகளின் பள்ளியை மாற்றாமல் சமாளிக்க முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: மேற்கு மாம்பலத்தில் வாடகை கட்டி மாளவில்லை, ஊரப்பாக்கத்தில் கைக்கெட்டும் விலையில் ஒரு ஃபிளாட் அமைகிறது, மகள் நான்காம் வகுப்பு, தி.நகர் பள்ளியை விட மனமில்லை, தினமும் ரயிலில் கூட்டிப்போய் வந்தால் என்ன?

இதே கணக்கைப் போட்டுத்தான் 2022 மே மாதம் நாங்கள் மாம்பலத்திலிருந்து, ஊரப்பாக்கத்துக்கு அடுத்த கூடுவாஞ்சேரிக்குக் குடிவந்தோம். எங்கள் மகளும் அப்போது நான்காம் வகுப்புக்குத்தான் போகவிருந்தாள். ஒரு வருஷம் அப்படி ஓட்டினோம். அதனால் நேராகவே சொல்கிறேன். வீட்டை மாற்றுங்கள், தப்பே இல்லை. ஆனால் பள்ளியையும் சேர்த்து மாற்றுங்கள்.

தூரம் முப்பது கிலோமீட்டர்தான், ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம் என்று நானும் நினைத்தேன். பீச்சிலிருந்து வரும் வண்டிகளில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வண்டி ஒன்றைக் கோட்டைவிட்டால் அடுத்ததற்கு பிளாட்பாரத்தில் தவம் கிடக்க வேண்டியதுதான். வீட்டிலிருந்து ஸ்டேஷன், பைக்கை நிறுத்துவது, மாம்பலத்தில் படியேறி இறங்கி ரங்கநாதன் தெரு வழியாக நடப்பது எல்லாம் சேர்த்து வாசலுக்கு வாசல் ஒன்றரை மணி நேரம். போக வர மூன்று மணி. வருஷத்துக்கு 200 நாள் பள்ளி என்றாலும் 600 மணி நேரம். பள்ளிப் பிள்ளைகளுக்கு சீசன் டிக்கெட்டில் சலுகை உண்டு, பணம் பெரிய விஷயமே இல்லை. போவது தூக்கம்.

காலை ஐந்தே காலுக்கு எழுப்புவோம். நான் கூட இருப்பதால் லேடீஸ் பெட்டியில் ஏற முடியாது. பொதுப் பெட்டியில் நிற்கும் பெரியவர்களின் பைகள் சரியாக அவள் முகத்து உயரத்தில் வந்து இடிக்கும். பல்லாவரம் தாண்டும்போது என் இடுப்பில் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிடுவாள். விடியுமுன் பிசைந்து கட்டிய தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துப்போகும். பாலை அதிகமாக ஊற்றி, தயிரைப் பேருக்கு ஒரு ஸ்பூன் விட்டுக் கொடுத்தனுப்பக் கற்றுக்கொண்டோம். மிச்சம் இருக்கும் வீட்டுப்பாடத்தைச் சில நாள் ரயிலில் எழுதுவாள். ஒருநாள் இரட்டைக் கோடு நோட்டில் ஆடி ஆடிப் போயிருந்த வரிகளை டீச்சர் சிவப்பு மையில் வட்டமிட்டு, 'கையெழுத்து ஏன் இப்படி?' என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை.

சாயங்காலம் அதைவிட மோசம். பள்ளி மூன்றேகாலுக்கு விடும். எனக்கு கிண்டியில் ஆபீஸ் ஆறு மணி வரை. அதுவரை மாம்பலத்தில் என் சித்தி வீட்டில் இருப்பாள். நாங்கள் வீடு சேர எட்டு மணி. எங்கள் தெருப் பிள்ளைகள் விளையாடி முடித்து உள்ளே போயிருப்பார்கள். கீழ்வீட்டில் அவள் வயசிலேயே ஒரு பெண் இருக்கிறாள். இரண்டு பேரும் பெயர் கேட்டுக்கொள்ளவே எட்டு மாசம் ஆனது. அவளுக்கு மாம்பலமும் இல்லை, கூடுவாஞ்சேரியும் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

யாரும் சொல்லாத இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். மழை விடுமுறையை அறிவிப்பவர் அந்தந்த மாவட்ட ஆட்சியர். உங்கள் வீடு செங்கல்பட்டு மாவட்டம், பள்ளி சென்னை மாவட்டம். இங்கே லீவு, அங்கே பள்ளி உண்டு என்று ஆகும் நாட்கள் வரும். நவம்பரில் விடியற்காலை டிவியைப் பார்த்துக்கொண்டு, அவளை எழுப்புவதா வேண்டாமா என்று நிற்போம்.

ஐந்தாம் வகுப்புக்கு வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டரில் ஒரு பள்ளியில் சேர்த்தோம். டி.சி. வாங்கிய அன்று அழுதாள், பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. பழைய சிநேகிதியைப் பார்க்க இப்போதும் மாசத்துக்கு ஒரு ஞாயிறு மாம்பலம் போகிறோம். ஆனால் ஆறரை வரை தூங்குகிறாள்.

மாற்றுவதென்றால் இப்போதே, ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்பில் மாற்றிவிடுங்கள். சிபிஎஸ்இ-யில் ஒன்பதும் பத்தும் சேர்ந்து இரண்டு வருஷப் படிப்பு; பத்தாம் வகுப்பில் நேரடியாக நுழைவது லேசில் நடக்காது. 'இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்' என்று தள்ளிக்கொண்டே போனால் அங்கே போய் மாட்டிக்கொள்வீர்கள்.

பக்கத்துப் பள்ளி என்றாலும் வேனின் சுற்றைக் கேளுங்கள். நான்கு கிலோமீட்டர் பள்ளிக்கு, ஒவ்வொரு நகராகப் புகுந்து வரும் வேன் முதலில் ஏற்றும் குழந்தையை ஐம்பது நிமிஷம் உட்கார வைத்துவிடும். வண்டிக்குள் ஏறியும் பாருங்கள். 2012 ஜூலையில், இங்கிருந்து அதிக தூரமில்லாத முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று இறந்துபோனது. அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகளே வந்தன. உதவியாளர் இருக்கிறாரா, அவசர வழி திறக்கிறதா என்று கேட்க நீங்கள் கூச்சப்பட வேண்டாம்.

வீடும் பள்ளியும், இந்த ஊர்களின் நடுவே போகும் ஜிஎஸ்டி நெடுஞ்சாலைக்கு ஒரே பக்கம் அமைந்தால் விட்டுவிடாதீர்கள். அதே சாலையில் கிளாம்பாக்கம் வெளியூர்ப் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறந்த பிறகு, பண்டிகைக்கு முந்தைய நாட்களில் அந்தச் சாலையைக் கடந்து குழந்தையைக் கூட்டிவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் முதலில் பக்கத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் இடம் காலியாகுமா என்று விசாரியுங்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த ஃபிளாட் வாசலில் போய் நில்லுங்கள். எந்தெந்தப் பள்ளி வேன் வருகிறது, எத்தனை மணிக்குப் பிள்ளைகள் ஏறுகிறார்கள் என்று பாருங்கள். ஏற்றிவிட்டுத் திரும்பும் அம்மாக்களிடம் ஐந்து நிமிஷம் பேச்சுக் கொடுங்கள். அந்தப் பள்ளி அலுவலகத்தில் சொல்லாததெல்லாம் அவர்கள் சொல்வார்கள்.