பகூரை எப்படி உச்சரிப்பது?

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் நாவலை நண்பர்கள் சிலர் ஒன்றாகக் கூடி, ஆளுக்கொரு அத்தியாயமாக வாய்விட்டு வாசித்து வருகிறோம். தொடக்கத்திலேயே ஒரு பூசல் எழுந்துவிட்டது. ‘பகூர்’ என்ற கோளின் பெயரில் உள்ள முதலெழுத்தை நான் ‘பழம்’ என்ற சொல்லில் ஒலிப்பதுபோல ஒலித்தேன். இன்னொருவர் ‘பஸ்’ என்ற சொல்லில் ஒலிப்பதுபோல ஒலித்தார். நடுவில் உள்ள ககரத்தை ஒருவர் ‘மகன்’ போலவும் மற்றவர் ‘பக்கம்’ போலவும் வாசித்தார். ஆங்கில அறிவியல் புனைகதைகளிலும் எனக்கு இதே தொல்லைதான். சொல்லின் நடுவே மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) நிற்கும் பெயர்களையும் உயிரெழுத்தே கண்ணில் படாத பெயர்களையும் ஒலித்துப் பார்க்காமல், வடிவத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கடந்துவிடுகிறேன். அது முறையான வாசிப்புதானா? எங்குமே பேசப்படாத ஒரு மொழியின் சொல்லுக்குச் சரியான உச்சரிப்பு என்று ஒன்று உண்டா? உண்டென்றால் அதை எழுத்தாளர்கள் நூலின் முகப்பிலேயே தந்துவிடக் கூடாதா? அடுத்த பதிப்பில் நீங்களாவது ஓர் உச்சரிப்பு அட்டவணை சேர்ப்பீர்களா?

அன்புடன்,
மாலதி

அன்புள்ள மாலதி,

முதலில் நேரடியான விடையைச் சொல்லிவிடுகிறேன். எழுதும்போது என் காதில் ஒலித்தது ‘பழம்’ என்பதன் பகரமும் ‘மகன்’ என்பதன் ககரமும்தான். ஆனால் இதனால் உங்கள் நண்பர்கள் தோற்றுவிட்டதாகக் கொள்ள வேண்டாம். என் காதில் ஒலித்ததை உறுதிசெய்யும் ஒரு வரியும் நாவலுக்குள் இல்லை. நாவலுக்குள் இல்லாத ஒன்றை வாசகர் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க எழுத்தாளருக்கு உரிமை கிடையாது என்பதே என் நிலைப்பாடு. ஒரு பெயரின் ஒலி கதைக்கு இன்றியமையாதது என்றால் அதைக் கதையே சொல்ல வேண்டும்; கதை சொல்லாமல் விட்ட இடத்தில் வாசகரின் ஒலிப்பே சரியான ஒலிப்பு.

கதையே சொல்வது என்று நான் எதைக் குறிக்கிறேன் என்பதற்கு மிகப் பழைய ஒரு சான்று இருக்கிறது. 1726இல் வெளிவந்த ஸ்விஃப்டின் ‘கலிவரின் பயணங்கள்’ நூலின் நான்காம் பகுதியில் அறிவுள்ள குதிரைகளின் நாடு வருகிறது. அக்குதிரைகள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால், தொடக்கத்தில் ஒன்றிரண்டு உயிரெழுத்துகளும் அதன்பின் மெய்யெழுத்துகளின் நெரிசலுமாகத் தெரியும். அதை எப்படி வாசிப்பது என்று ஸ்விஃப்ட் அடிக்குறிப்பு எழுதவில்லை. மாறாக, கலிவர் அந்நாட்டுச் சொல் ஒன்றைக் கனைப்பை ஒத்த குரலில் சொல்லிப் பார்ப்பதையும், ஒரு குதிரை அதை மீண்டும் மீண்டும் சொல்லி அவருடைய ஒலிப்பைத் திருத்துவதையும், அதன்பின் மற்றொரு குதிரை அதைவிடக் கடினமான இந்தப் பெயரை அவருக்குக் கற்றுத்தருவதையும் ஒரு காட்சியாகவே எழுதினார். அந்தக் காட்சியைப் படித்த எவருக்கும் அப்பெயர் ஒரு கனைப்பு என்பது புரிந்துவிடும். அதன்பிறகு ஒவ்வொருவரும் தத்தம் தொண்டைக்கு ஏற்பக் கனைத்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரான வழி பின்னிணைப்பு. அறிவியல் புனைகதையிலிருந்து சற்று விலகிய மிகைபுனைவுதான் என்றாலும் டோல்கீனின் ‘மோதிரங்களின் தலைவன்’ இதற்குப் பொருத்தமான சான்று. 1955இல் வந்த அதன் மூன்றாம் பகுதியின் பின்னிணைப்பில் உச்சரிப்பு விதிகளை அவர் விரிவாகத் தந்தார். ஆங்கிலச் ‘சி’ எழுத்து எங்கு வந்தாலும் ககர ஒலியே பெறும் என்பது அவற்றுள் ஒன்று. ஆகவே ‘செலெபோர்ன்’ என்று பலர் வாசிக்கும் பெயர் உண்மையில் ‘கெலெபோர்ன்’. அவர் மொழியியல் அறிஞர். அந்த மொழிகளை முதலில் உருவாக்கிவிட்டுப் பிறகு அவற்றைப் பேசுவோருக்குக் கதை எழுதியவர். ஆகவே அவரிடம் சரியான விடை உண்மையாகவே இருந்தது. ஆனால் அந்த விடை வாசகரை அடையும்போது அவர் நூலை முழுவதும் படித்து முடித்திருப்பார். பழகிப்போன ஒரு பெயரைக் கடைசிப் பக்கத்தில் மாற்றிக்கொள்ள எவரும் விரும்புவதில்லை. இந்த அட்டவணைகளை நான் ஆர்வத்தோடு படிப்பவன்தான் என்றாலும், ஒரு முறைகூட அவற்றைப் பார்த்து என் ஒலிப்பைத் திருத்திக்கொண்டதில்லை.

உச்சரிப்பு விதி முற்றிலும் பொருளுடையதாகும் ஓர் இடம் உண்டு. அது நடிகர்கள் வாய்திறந்து பேச வேண்டிய இடம். ஸ்டார் ட்ரெக் படங்களுக்காக மார்க் ஒக்ரண்ட் உருவாக்கிய கிளிங்கன் மொழியின் அகராதி 1985இல் வெளிவந்தது. அம்மொழியை எழுதும் முறையில் ஆங்கிலக் ‘க்யூ’வின் சிறிய வடிவம் ஓர் ஒலியையும் பெரிய வடிவம் வேறோர் ஒலியையும் குறிக்கும், மேற்குறி தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒலியைக் குறிக்கும். கண்ணுக்கு அலங்கோலமாகத் தோன்றும் அந்த எழுத்துமுறையில் தேவையற்றது எதுவும் இல்லை. நாவல்களில் தென்படும் மேற்குறிகள் அப்படிப்பட்டவை அல்ல. ஆன் மெக்காஃப்ரியின் 1968ஆம் ஆண்டு நாவலில் டிராகன் வீரர்களின் பெயர்களில் வரும் மேற்குறி, முழுப்பெயர் சுருக்கப்பட்டதற்கான அடையாளம். அது ஒரு மரபு, கதைக்குள் அதற்குக் காரணம் இருக்கிறது. பின்னர் வந்த பலர் காரணத்தை விட்டுவிட்டுக் குறியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அத்தகைய பெயர்களை நீங்கள் குறியே இல்லாததுபோல வாசித்துவிட்டுப் போகலாம், எந்த இழப்பும் இல்லை.

வடிவத்தை மட்டும் நினைவில் வைத்துக் கடந்துவிடுவது முறையான வாசிப்புதானா என்று கேட்டிருந்தீர்கள். தனியாக மௌனமாக வாசிப்பவருக்கு அது முற்றிலும் போதும். சொல்லப்போனால் சில பெயர்கள் அப்படி வாசிக்கப்படுவதற்காகவே படைக்கப்பட்டவை. லவ்கிராஃப்டின் 1928ஆம் ஆண்டுக் கதையில் வரும் பேருருவத்தின் பெயர் மனிதத் தொண்டைக்கு உரியதே அல்ல என்றும், மனிதர்கள் எழுதுவது அதற்கு அருகில் வரும் ஒரு முயற்சி மட்டுமே என்றும் 1934இல் எழுதிய ஒரு கடிதத்தில் அவர் விளக்கினார். சைனா மியெவில்லின் 2011ஆம் ஆண்டு நாவலான ‘எம்பசிடவுன்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் வேற்றுக்கோள் உயிர்கள் இரண்டு வாய்களால் ஒரே நேரத்தில் பேசுகின்றன. அவற்றின் பெயர்கள் பின்னம்போல, ஒன்றின்மேல் ஒன்றாக, நடுவில் கோடிட்டு அச்சிடப்பட்டிருக்கின்றன. தனி ஒருவரால் அந்தப் பெயரைச் சொல்ல முடியாது என்பதே அந்த நாவலின் அரசியலுக்கும் சிக்கலுக்கும் வேர். அங்கே வாசகரின் நாக்கு தோற்பதுதான் சரியான உச்சரிப்பு. உங்கள் குழு அதை வாய்விட்டு வாசிக்க நேர்ந்தால் இருவர் சேர்ந்து வாசிக்க வேண்டியிருக்கும். அதைக் கேட்க எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

டெட் சியாங் தம் 1998ஆம் ஆண்டுக் குறுநாவலில் இச்சிக்கலை மிக எளிதாகக் கடந்தார். ஏழு கால்கள் கொண்ட அந்த வேற்றுலகினரின் பேச்சு மனிதரால் ஒலிக்க இயலாதது; ஆகவே கதையில் வரும் மொழியியல் அறிஞரும் அவருடைய உடன்பணியாளரும் எதிரே இருக்கும் இருவருக்கும் ‘ஃபிளாப்பர்’, ‘ராஸ்பெர்ரி’ என்று செல்லப்பெயர் சூட்டிவிடுகிறார்கள். உண்மையில் அப்படியொரு சந்திப்பு நிகழ்ந்தால் மனிதர்கள் செய்யக்கூடியதும் அதுதான் என்பதால், உச்சரிப்புச் சிக்கலைத் தீர்க்கும் அந்த உத்தியே கதையின் நம்பகத்தன்மையையும் கூட்டிவிடுகிறது.

இனி உங்கள் பூசலின் மையத்துக்கு வருகிறேன். ஆங்கில வாசகர்களின் சண்டையும் தமிழ் வாசகர்களின் சண்டையும் ஒன்றல்ல. ஆங்கில எழுத்தில் உயிரொலிகள் உறுதியற்றவை. ஒரே உயிரெழுத்து குறிலாகவும் நெடிலாகவும் ஈருயிர் ஒலியாகவும் நிற்கும். அத்துடன், சொல்லின் எந்த அசையில் அழுத்தம் விழும் என்பதும் எழுத்தில் தெரியாது. ஃபிராங்க் ஹெர்பெர்ட்டின் 1965ஆம் ஆண்டு நாவலான ‘டூன்’ பிற்சேர்க்கையாக ஒரு சொற்களஞ்சியத்தைக் கொண்டிருந்தும், 1984ஆம் ஆண்டுத் திரைப்படத்திலும் 2021ஆம் ஆண்டுத் திரைப்படத்திலும் ‘ஹார்க்கோனன்’ என்ற குடும்பப் பெயரின் அழுத்தம் வெவ்வேறு அசைகளில் விழுகிறது. அதைப் பற்றி அவர்கள் மிகுந்த தீவிரத்தோடு வாதிடுவார்கள். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை என்பதால் நமக்கு அந்த வாதம் ஒரு பொருட்டாகவே தோன்றாது.

நம்முடைய எழுத்தில் குறிலும் நெடிலும் ஐயத்துக்கு இடமின்றிப் பிரிந்து நிற்கின்றன. ‘பகூர்’ என்பதை உங்கள் குழுவில் ஒருவர்கூடப் ‘பாகுர்’ என்று வாசித்திருக்க மாட்டார். மாறாக, நம் வல்லின எழுத்துகள் ஒவ்வொன்றும் பல ஒலிகளைச் சுமப்பவை. எந்த ஒலி என்பதை எழுத்து சொல்வதில்லை, அது நிற்கும் இடம் சொல்கிறது. சொல்லின் முதலில் வல்லோசை, இரட்டித்தால் வல்லோசை, மெல்லினத்தின் பின்னும் இரு உயிர்களுக்கு நடுவிலும் மெலிந்த ஓசை என்ற ஒழுங்கு நம் நாவில் ஊறியிருப்பதால் தமிழ்ச் சொற்களில் நாம் தடுமாறுவதில்லை. கடன்சொல் அந்த ஒழுங்குக்குக் கட்டுப்படுவதில்லை. ‘பஸ்’ என்பதன் முதலொலியை நாம் அறிவது கேள்வியறிவால்தான். ஆகவே, கற்பனைப் பெயர் ஒன்றைக் கண்டவுடன் தமிழ் வாசகர் தம்மையறியாமல் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது: இதைத் தமிழ்ச் சொல்லாகக் கொள்வதா, கடன்சொல்லாகக் கொள்வதா? நீங்கள் தமிழாகக் கொண்டீர்கள். உங்கள் நண்பர் அயலாகக் கொண்டார். அது வேற்றுக்கோளின் பெயர் என்பதால் அவருடைய ஊகத்திலும் நியாயம் இருக்கிறது. ககரத்தைப் ‘பக்கம்’ போல ஒலித்தவருக்கு மட்டும் என்னால் சற்றுக் குறைவாகவே பரிந்து பேச முடியும். அந்த ஒலி வேண்டுமென்றிருந்தால் நான் ‘பக்கூர்’ என்று எழுதியிருப்பேன்.

இந்த இயல்பை அறிந்து எழுதுபவர் கையில் அது ஒரு கருவியாகிறது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் இயந்திர நாயின் பெயர் ‘ஜீனோ’. கிரந்த எழுத்தும் நெடில்களும் மட்டுமே கொண்ட அந்தப் பெயரை இருவேறு விதமாக வாசிக்க வழியே இல்லை. இன்னொரு பக்கம், சொல்லுக்கு முதலில் வரக் கூடாதவை என்று தொல்காப்பியம் விலக்கிய எழுத்துகளைக் கொண்டு பெயரைத் தொடங்கினாலே போதும், அயல்தன்மை வந்துவிடும். ‘ழோமி’ என்றோ ‘ணவர்’ என்றோ ஒருவரை அறிமுகப்படுத்தினால் அவர் நம்மவர் அல்லர் என்பதை வாசகர் பொருளறியாமலே உணர்ந்துவிடுவார். ஆயினும் முந்நூறு பக்கங்களுக்கு வாசகர் கூடவே வரப்போகும் ஒரு முதன்மைப் பாத்திரத்துக்கு அப்படிப் பெயரிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு முறையும் தடுக்கி விழச் செய்யும் பெயர் நாளடைவில் அந்தப் பாத்திரத்தின் மீதே எரிச்சலாக மாறிவிடும். பெயர் சூட்டியதும் அதைக் கோபத்தில் கூவி அழைப்பதுபோலவும் கொஞ்சி அழைப்பதுபோலவும் நான் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதுண்டு. இரண்டுக்கும் இடம் கொடுக்காத பெயரை மாற்றிவிடுவேன்.

அடுத்த பதிப்பில் உச்சரிப்பு அட்டவணை வராது. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபின், ஒலி முக்கியம் என்று நானே கருதும் ‘பகூர்’ ஒன்றுக்காவது கதைக்குள் வழிசெய்ய வேண்டும் என்று முடிவுசெய்திருக்கிறேன். நம் யாப்பில் அதற்கான வசதி எப்போதும் இருந்து வந்திருக்கிறது. மோனை முதலெழுத்தைக் காட்டிக்கொடுக்கும், எதுகை இரண்டாம் எழுத்தைக் காட்டிக்கொடுக்கும். சுரங்கத் தொழிலாளர்கள் இறங்கும் காட்சியில் அவர்கள் முணுமுணுக்கும் பாட்டாக இரண்டு அடிகளைச் சேர்த்திருக்கிறேன்:

பகூர் போனவர்க்குப் பகல் நெடிது,
தகிக்கும் மண்ணில் நிழல் அரிது.

‘பகல்’ என்பதையும் ‘தகிக்கும்’ என்பதையும் எவரும் மாற்றி ஒலிக்க மாட்டார்கள் என்பதால், பக்கத்தில் நிற்கும் ‘பகூர்’ தானாகவே அவற்றின் ஓசைக்குள் வந்துவிடும் என்று நம்புகிறேன். அதற்குப் பிறகும் உங்கள் நண்பர் ‘பஸ்’ போலவே ஒலிப்பேன் என்றால், அந்த அத்தியாயத்தை அவரிடமே வாசிக்கக் கொடுத்துப் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்